நீலம் போன வழி

அந்தத் தொட்டியில் தண்ணீர் இறங்கும்போது சத்தமே வராது. அடைப்பானைப் பிடுங்கினால் எந்த வீட்டுக் குளியல் தொட்டியும் கடைசியில் ஒரு கொடகொடப்புக் கொடுக்கும், ஒரு சுழி போடும், ஏப்பம் விட்ட மாதிரி அடங்கும். வசந்தாமணியின் வீட்டுத் தொட்டி அப்படியில்லை. ஒன்பது வருடமாக அது தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. டம்ளரில் வாயை ஒட்டவைத்துக் குடிக்கிற குழந்தை மாதிரி, சொட்டுச் சிந்தாமல், மூச்சு விடாமல்.

அன்றைக்குக் காலையில்தான் அது முதல் முதலாக மூச்சு விட்டது.

பயப்படுகிற பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள், சாமி. இது இருட்டில் நடந்ததில்லை. திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டில், சோளக்காட்டுக்கு நடுவில் நிற்கிற ஒரு மாடி வீட்டில், காலை ஒன்பது மணி வெயிலில் நடந்தது. அன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ராத்திரி பகலாக ஓடுகிற விசைத்தறிகள் ஓடவில்லை. கோழிப்பண்ணைக் காற்றாடிகள், கிணற்று மோட்டார், மாவு மெஷின் எதுவும் இல்லை. இரைச்சலைப் போட்டு மூடிவைத்திருந்த ஊரின் மூடியை யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

கரண்ட் இருக்காது என்று முந்தின சாயங்காலமே வசந்தாமணி தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். காலையில் வந்து பார்த்தால் தண்ணீர் சாய்ந்து நின்றது. தொட்டியின் இடது கோடி நாலு விரற்கடை தரைக்குள் இறங்கியிருந்தது. ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். பல்லைக் கடித்துக்கொண்டு அடைப்பானைப் பிடுங்கினாள். தண்ணீர் எப்போதும்போலச் சத்தமில்லாமல் போனது. கடைசிச் சொட்டும் போன பிறகு, அந்த ஓட்டைக்குள்ளிருந்து, அழுது முடித்த குழந்தை விட்டு விட்டு மூச்சை இழுக்குமே, அந்த மாதிரி ஒன்று கேட்டது. மூன்று தரம் இழுத்தது. நின்றுவிட்டது.

வசந்தாமணிக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். இந்த வீட்டில் அவளுக்கு எது நடந்தாலும் முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

ஈசானி மூலையில் குளியலறை வைக்கிறவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டா? வடகிழக்கில் கிணறு வெட்டுவார்கள், போர் போடுவார்கள், வசதி இல்லாதவர்கள் ஒரு குடம் நல்ல தண்ணீராவது வைப்பார்கள். உடம்பு கழுவின அழுக்கை அங்கே விடமாட்டார்கள். அவள் வீட்டுக்காரன் குணசீலன் ரிக் வண்டி வைத்திருப்பவன். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். ராகு காலத்தில் வண்டிச் சாவியைக்கூடத் தொடமாட்டான். அப்படிப்பட்டவன் இந்த வீட்டைக் கட்டும்போது முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டது பூசை அறைக்கில்லை, அடுப்படிக்கில்லை. இந்தக் குளியலறைக்கு. வீடு அதைச் சுற்றி வந்தது. "ஏனுங்க, இந்த எடத்துல முன்னால போர் ஏதாச்சும் போட்டீங்களா?" என்று வாஸ்து பார்க்க வந்தவர் கேட்டதற்கு, "உம்பட வேலையப் பாத்துட்டுப் போய்யா" என்று கத்தினான். ராய்ப்பூரில் ஏதோ லாட்ஜில் பார்த்தானாம், அதேபோல ஒரு தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அவன் மட்டும் ஒரு நாளும் அதில் குளித்ததில்லை. வெளியில் குழாயடியில்தான் குளிப்பான்.

"அம்மிணி, பிளம்பர் வந்துட்டாருங்க" என்று சென்னம்மாள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

சென்னம்மாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதிமூன்று வருடமாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு அறையில் இருக்கிறாள். அவளுக்கு அன்புச்செல்வி என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால், நாலு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், காணாமல் போய்விட்டது. சந்தைக்கு வந்த யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். குணசீலன்தான் ஜீப் கொடுத்தான், போலீசுக்குப் போனான், 'காணவில்லை' என்று போஸ்டர் அடித்துத் தன் போன் நம்பரைப் போட்டு பஸ் ஸ்டாண்டெல்லாம் ஒட்டினான். சென்னம்மாளின் புருஷன் தேடித் தேடிக் குடித்துப் போய்ச் சேர்ந்தான். ஊருக்கு வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டபோது, "நான் எடத்த மாத்திட்டா புள்ள வந்து எங்கீன்னு தேடுமுங்க" என்று சொல்லிவிட்டாள். தினமும் காலையில் அவள்தான் அந்தத் தொட்டியைக் கழுவுவாள். வேறு எந்த வேலையையும் விறுவிறுவென்று முடிக்கிறவள், அங்கே மட்டும் நேரம் பிடிப்பாள். தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

பிளம்பர் மாதையன் மேச்சேரிக்காரர். அறுபது வயதிருக்கும். மட்டப்பலகையைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கூருல ஆட்டக் குளிப்பாட்டத்தானுங்க இத்தாம் பெரிய தொட்டி கட்டுவோம்."

"ஆட்டக் குளிப்பாட்டுனா நன்றியாச்சும் இருக்கும். இதக் கொண்டாந்து வெச்சவருக்கு அதுவுங் கெடையாது. சீக்கிரம் பாருங்க" என்றாள் வசந்தாமணி.

மாதையன் மண்டியிட்டுத் தரையைத் தட்டினார். ஓடு வேறு மாதிரி ஒலித்தது. "கீழ போட்ட மண்ணு எறங்கிருச்சுங்கம்மா. தொட்டிய மட்டும் மாத்துனாப் பத்தாது. தரையயும் பேத்துட்டு அடித்தளம் புதுசாப் போடணும். அதுக்கு முன்னால தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு பாக்கோணும். ஊட்டுல சொட்டு நீலம் இருக்குதுங்களா?"

வேட்டிக்குப் போடுகிற நீலத்தை அரை பாட்டில் ஒரு வாளித் தண்ணீரில் கலக்கித் தொட்டியின் ஓட்டையில் ஊற்றினார். வெளியே சுவரை ஒட்டி, கழிவுநீர் வந்து விழ வேண்டிய தொட்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு சென்னம்மாள் குனிந்து நின்றாள்.

"வருதா சாமி?" என்று மாதையன் சன்னல் வழியாகக் கத்தினார்.

"இல்லீங்க."

இன்னொரு வாளி. "இப்ப?"

"வறண்டு கெடக்குதுங்க. எறும்பு ஊருது."

மூன்று வாளி. நாலு வாளி. நீலம் போன வழி தெரியவில்லை. மாதையனின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒம்போது வருசமா ஒரு சொட்டுக்கூட இந்தப் பக்கம் வரலீங்களே. அத்தனை தண்ணியும் எங்கதான் போச்சு?"

மூன்று பேருமாகப் பிடித்துத் தொட்டியைத் தூக்கி வெளி நடையில் சாய்த்து வைத்தார்கள். மாதையன் கடப்பாரையால் தரை ஓடுகளை நெம்பினார். அடியில் செங்கல் சல்லி இருந்தது, மணல் இல்லை. இருந்த மணலெல்லாம் எங்கேயோ வழிந்து போய், சல்லிகள் ஒன்றின்மேல் ஒன்று அந்தரத்தில் நின்றன. அவற்றை அள்ளிப் போட்ட பிறகு ஒரு கடப்பாக் கல் தெரிந்தது. ரெண்டடிக்கு ரெண்டடி. நடுவில் மெஷின் வைத்துச் சுத்தமாக அறுத்த வட்ட ஓட்டை. நாலு அங்குலம். தொட்டியின் பைப் அதற்குள் நேராக, ஒரு வளைவுமில்லாமல், இறங்கியிருந்தது. மாதையன் அதைப் பிடுங்கியெடுத்தார்.

"இதுக்குக் கீழ ஒரு வளைவு வெக்கோணுமுங்க. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நின்னுட்டே இருக்கும். அந்தத் தண்ணிதான் கீழ இருக்கறத மேல வர உடாமத் தடுக்கும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "இங்க தடுக்கறதுக்கு ஒண்ணுமே வெக்கலீங்க."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

நாற்றம் வந்திருந்தால் வசந்தாமணி மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியிருப்பாள். நாற்றமில்லை. சோப்பு வாசனை. அவள் போடுகிற சந்தன சோப்பு, மகன் கவின் ஊருக்கு வந்தால் போடுகிற ஷாம்பு, செத்துப்போன மாமியார் பூசிக் குளித்த கஸ்தூரி மஞ்சள், எண்ணெய் தேய்த்த அன்றைய சீயக்காய், எல்லாம் அடுக்கடுக்காக, ஈரமாக, குளிர்ச்சியாக, இப்போதுதான் குளித்துவிட்டு யாரோ கதவைத் திறந்த மாதிரி அந்த ஓட்டையிலிருந்து எழும்பி வந்தது. ஒன்பது வருடமாக ஒரு கரப்பான்பூச்சிகூட அந்தக் குளியலறைக்குள் வந்ததில்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவு வந்தது.

சென்னம்மாள் குனிந்தாள். ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கால் அந்தக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குணசீலன் ஜபல்பூர் பக்கம் வேலையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் ரிக் இரைந்துகொண்டிருந்தது.

"தொட்டி எறங்கிருச்சு. ஆளக் கூப்பிட்டிருக்கறேன்."

"கழட்ட வேண்டாம். நான் வந்து பாத்துக்கறேன்."

"கழட்டியாச்சு. தரையும் பேத்தாச்சு."

இரைச்சல் குறைந்துகொண்டே போனது. வண்டியை விட்டுத் தள்ளி நடக்கிறான் என்று தெரிந்தது. "யாரு இருக்கறா அங்க?"

"மேச்சேரி மாதையன்."

"சென்னம்மா?"

"இங்கதான் இருக்கறா."

"அவள வெளிய அனுப்பு."

"எதுக்கு?"

"வசந்தா, சொன்னாக் கேளு, சாமி."

இருபத்துநாலு வருடத்தில் அவன் அவளைக் கழுதை என்று கூப்பிட்டிருக்கிறான், மூதேவி என்றிருக்கிறான், பேரில்லாமல் ஒரு உறுமலால் கூப்பிட்டிருக்கிறான். சாமி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தரம்.

"பழைய பைப்பு எங்க போகுதோ அங்கியே புதுசையும் உட்டு, மேல கான்கிரீட் போட்டு மூடச் சொல்லு. ஆரும் உள்ள எட்டிப் பாக்க வேண்டாம்."

"உள்ள என்ன இருக்குது?"

ரிக் சத்தம் இன்னும் தள்ளிப் போனது. வசந்தாமணி விடவில்லை.

"அது நீங்க போட்ட போர்தானே? மூடிட்டேன்னு சொன்னீங்களே. தண்ணி வரலீன்னு கேசிங் பைப்ப உருவி எடுத்துட்டு, என்ன போட்டு மூடுனீங்க?"

"சாக்கு" என்றான்.

தண்ணீர் வராத போரில் இறக்கின இரும்பு பைப்பை அப்படியே விட யாருக்கு மனசு வரும்? உருவி எடுத்து அடுத்த குழிக்கு வைத்துக்கொள்வார்கள். அவன் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். பைப்பை உருவினால் வாய் அகலமாகிவிடும், மண் சரியும். கல் கொண்டுவந்து மூட நாளைக்கு வரலாம் என்று ஒரு சாக்கைப் போட்டு, நாலு கல்லை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு.

"பொழுதோட வரைக்கும் சத்தம் கேட்டுது, வசந்தா." அவன் குரல் கெஞ்சியது. "ஆளக் கூப்பிட்டிருந்தா கேசு ஆயிருக்கும். வண்டி, லைசென்ஸ், எல்லாம் போயிருக்கும். நம்ம கவினுக்கு அப்ப ஏழு வயசு. பொழுது உளுந்தப்பறம் கேக்கல."

அவள் போனை வாசல்படியில் ஓங்கி அடித்தாள். அது உடையவில்லை. மறுபடியும் அடித்தாள். மறுபடியும். அவள் கையில் ரத்தம் வந்தது. பொழுதோட வரைக்கும். அவன் அன்றைக்கு மதியம் சாப்பிட வந்தான். ரெண்டாம் தரம் ரசம் வாங்கிக் குடித்தான். சாயங்காலம் ஜீப் எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தேடப் போனான். போஸ்டருக்குப் பணம் கொடுத்தான். அவன் கழுத்து கையில் இருந்தால் அப்போது பிடித்திருப்பாள்.

கோபத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றது அப்போதுதான் முன்னால் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பழைய வீட்டு அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். சென்னம்மாள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி நிலைப்படியில் நின்றுகொண்டு, அம்மிணி, அம்மிணி, என்று நச்சரித்தது. கேட்டது ஒரு முறுக்கு. சாமிக்குப் படைக்காததைக் கொடுக்க வசந்தாமணிக்கு மனசில்லை. எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டது. அந்த எரிச்சலில், ஜல்லிக்கரண்டியை நீட்டி, போர் போட்ட காட்டைக் காட்டினாள். "அக்கட்டால போய் வெளையாடு. நாங் கூப்புடற வரைக்கும் இக்கட்டால வரப்படாது. தெரியுதா?"

தெரியுதுங்க என்று தலையாட்டிவிட்டுப் போனது. சொன்னால் கேட்கிற குழந்தை.

அப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. மறந்துவிட்டாள். இதை அவள் போலீசிடம் சொல்லவில்லை. சென்னம்மாளிடம் சொல்லவில்லை. தனக்குத்தானேகூடப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் குளியலறைக்குத் திரும்பி வந்தபோது சென்னம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "சென்னம்மா, நீ அக்கட்டால போ" என்றாள் வசந்தாமணி. "நாங் கூப்புட்டா வா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. சென்னம்மாள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போனாள்.

மாதையன் ஒரு சட்டியில் சிமெண்டும் மணலும் சல்லியும் குழைத்து வைத்திருந்தார். "இந்தக் குழிய அடைச்சு மூடிரலாமுங்க. செவுத்தத் தொளச்சு வெளித் தொட்டிக்குப் புதுசா வழி குடுத்தர்றேன், வளைவு வெச்சு, வாட்டம் வெச்சு, சரியாப் பண்ணிரலாம். எவ்வளவு ஆழம்னு மட்டும் பாத்துக்கறேன்." தூக்குக்குண்டைக் கொத்தனார் நூலில் கட்டி ஓட்டைக்குள் விட்டார். நைலான் நூல் அவர் விரல்களுக்கு நடுவில் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கண்டில் இருந்த அத்தனை நூலும் போய், கடைசி முழம் அவர் கையில் நின்றது. குண்டு எங்கும் தட்டவில்லை.

"ஆத்தி, பாதாளமாட்ட இருக்குதுங்களே" என்றார் மாதையன்.

நூல் அசைந்தது.

அவர் கையைப் பார்த்தார். கை அசையவில்லை. நூல் மறுபடியும் அசைந்தது. கீழே இருந்து. மெதுவாக ஒரு இழுப்பு. விட்டது. ஒரு இழுப்பு. புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி. திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்க்கிற மாதிரி.

மாதையன் நூலை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தார். நூல் முனையில் இருந்த கட்டை ஓட்டையின் குறுக்கே விழுந்து தட்டி நின்றது. சுவரில் முதுகை உரசிக்கொண்டே எழுந்தார். "இது என்ற வேலையில்லீங்கம்மா." அவர் உதடு வெளுத்திருந்தது. "எம்பட சாமானெல்லாம் இங்கியே இருக்கட்டும். கும்பிடறனுங்க. நான் வாரேன்." அவர் மொபெட் புறப்படுகிற சத்தம் கேட்டது. ரோட்டில் தேய்ந்தது. பிறகு ஊர் மறுபடியும் திறந்த பானை மாதிரி ஆகிவிட்டது.

வசந்தாமணி தனியாக நின்றாள். குழைத்த கான்கிரீட் சட்டியில் இருந்தது. அது இறுகிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போனால் கல்லாகிவிடும்.

கண்ணுகளா, அவளை உடனே திட்டிவிடாதீர்கள். கேளுங்கள். அவனைக் கொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஊரைக் கூட்டி, போலீசைக் கூப்பிட்டு, அவன் போட்ட ஒவ்வொரு சாக்கையும் எடுக்கவைக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் அவனை இழுத்தால் அந்த வெள்ளிக்கிழமையையும் இழுக்க வேண்டும். அந்த நிலைப்படி வரும். ஜல்லிக்கரண்டி வரும். அந்த ஒரு வார்த்தை வரும். சென்னம்மாள் அதைக் கேட்பாள்.

மாதையன் சட்டியில் விட்டுப்போன கரணையை அவள் எடுத்தாள்.

மண்டியிட்டாள். ஒரு கரணை கான்கிரீட்டை அள்ளி ஓட்டையின் விளிம்பில் போட்டாள். கொஞ்சம் உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை. ரெண்டாவது கரணை. சோப்பு வாசனை அதிகமானது. நூல் கட்டை கடகடவென்று கல்லில் ஆடியது. மூன்றாவது. அவள் அழுதுகொண்டிருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கோபத்தில், யார்மேல் என்று தெரியாத கோபத்தில். "மூடு" என்று தனக்குத்தானே சொன்னாள். "மூடிரு."

நாலாவது கரணையை ஓங்கினாள்.

மூச்சு வந்தது.

விட்டு விட்டு. மூன்று தரம்.

அப்புறம் குரல்.

"அம்மிணி."

சின்னக் குரல். ரொம்ப ஆழத்திலிருந்து. குழாய்க்குள் பேசுகிற மாதிரி. அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"அம்மிணி... வெளையாடிட்டனுங்க."

கரணை கையிலிருந்து விழுந்தது.

"வரட்டுங்களா?"

வசந்தாமணியால் நகர முடியவில்லை. கண்ணை மூட முடியவில்லை. வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிழல் அவள் மேலும் ஓட்டையின் மேலும் விழுந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. கூப்பிடாமலே சென்னம்மாள் வந்துவிட்டாள்.

"இன்னுங் கூப்புடலீங்களா, அம்மிணி?" என்று கீழே இருந்து கேட்டது. கொஞ்சம் பக்கத்தில்.

சென்னம்மாள் ஓடி வரவில்லை. கத்தவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. நடந்து வந்தாள். ஓட்டையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். விளிம்பில் இருந்த ஈரக் கான்கிரீட்டை விரலால் வழித்தாள். தினமும் தொட்டியைக் கழுவுகிற அதே மாதிரி, சுற்றிச் சுற்றி, நிதானமாக. ஒரு பருக்கைகூட இல்லாமல் வழித்தெறிந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு வசந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த எல்லாவற்றையும் படித்தாள். முறுக்கு. கரண்டி. காடு.

"வெளையாடச் சொன்னியா?" என்றாள்.

பதிமூன்று வருடத்தில் அவள் வசந்தாமணியோடு மரியாதை இல்லாமல் பேசியதில்லை.

வசந்தாமணி தலையாட்டினாள்.

"கூப்புடறன்னு சொன்னியா?"

தலையாட்டினாள்.

"ஒம்போது வருசமா ஒவ்வொரு நாளும் இங்க உக்காந்து நாங் கூப்புட்டேன். வரல. ஏன் வரலீன்னு இப்பத்தான் தெரியுது." சென்னம்மாளின் குரல் நடுங்கவில்லை. கல் மாதிரி இருந்தது. "நீ கூப்புட்டாத்தான் வருவா. சொன்னாக் கேக்கற புள்ள அவ. கூப்புடு."

"சென்னம்மா, வேண்டாம்..."

"கூப்புடுடி."

வசந்தாமணி ஓட்டையின் மேல் குனிந்தாள். வெளியில் ஒரு இலைகூட அசையவில்லை. தறி இல்லை. மோட்டார் இல்லை. மூடிக்கொள்ள ஒரு சத்தம் இல்லை.

"அன்பு" என்றாள் வசந்தாமணி. குரல் வரவில்லை. மறுபடியும். "அன்பு. வா. வா, சாமி."

நூல் விறைத்தது.

கட்டை கல்லில் அழுந்தி முனகியது. கீழே, ரொம்பக் கீழே, ஈர மண் உதிரும் சத்தம். பிறகு அவ்வளவு கீழே இல்லை. முழங்கால் உரசுகிற சத்தம். ஒரு மூச்சு. ஒரு உரசல். ஒரு மூச்சு. வாசனை அலை அலையாக ஏறியது. சந்தனம். மஞ்சள். சீயக்காய்.

நின்றது.

கடப்பாக் கல்லின் வட்ட ஓட்டையில், விளிம்பைத் தடவிக்கொண்டு, ஒரு விரல் வந்தது. இன்னொன்று. நாலு. நாலு வயதுக் குழந்தையின் கை, ஒரு நாள்கூட வளராத கை. மண் இல்லை. எலும்பு இல்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக் குளியல் தண்ணீரெல்லாம் விழுந்து விழுந்து ஊறிய கை. பால்போல வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் விளையாடின பிள்ளைக்குச் சுருங்குமே, அப்படி ஒவ்வொரு விரல் நுனியும் சுருங்கி, மெத்தென்று, சுத்தமாக, சோப்பு மணத்தோடு இருந்த கை. நகக்கண்ணில் மட்டும், காலையில் ஊற்றின நீலம்.

அது கல்லின்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவித் தேடியது. சென்னம்மாள் நீட்டிய கையைத் தொட்டது. அதைத் தாண்டிப் போனது. கூப்பிட்டவளைத் தேடி, வசந்தாமணியின் ரத்தம் கசிந்த சுட்டு விரலைக் கண்டுபிடித்து, இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது.